முதுகுத் தண்ணியும் சின்னப்பாப்பாவும்

புருஷனுக்கு வியாதி முற்றியிருக்க வேண்டும் என்று எந்தப் பொண்டாட்டியாவது வேண்டிக்கொள்வாளா? அமராவதி வேண்டிக்கொண்டாள். ரகசியமாகத்தானாம், மரக்காணத்தில் தெரியாத ஆள் பாக்கியில்லை.

எல்லாம் சின்னப்பாப்பாவால் வந்தது. ஒரு காலத்தில் புருஷன் மாயவனின் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரியவள். இப்போது எக்கியார்குப்பத்தில் பேரன் பேத்தியோடு இருக்கிறாள். அவள் தினமும் வீட்டுக்கு வருவதாக மாயவன் சொல்கிறார். "சின்னப்பாப்பா வந்திருக்குது, டீ போடு" என்று கட்டிய மனைவியிடமே சொன்னால் எவள் பொறுப்பாள்? அவர் காட்டும் நாற்காலி காலிதான். ஆனால், தான் ரேஷன் கடைக்குப் போன நேரத்தில் நிஜமாகவே வந்துபோகிறாளோ? வியாதி முற்றித்தான் இப்படி என்று தெரிந்துவிட்டால் நிம்மதி.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் போன வருஷம் முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்திருந்தார்கள். இந்த வருஷமும் எடுத்தார்கள். இரண்டையும் ஒப்பிட்டால் நோயின் வேகம் பிடிபடுமாம்.

"எத்தனை டிகிரிங்க டாக்டரம்மா?" அளத்துத் தண்ணீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று டிகிரி பார்த்தே பழகிய வாய் அமராவதிக்கு.

டாக்டர் சிரிக்கவில்லை. "லூயி பாடிங்கிற மூளை நோய்ம்மா. அது போன வருஷமே தெரிஞ்சுது. நரம்பு தேயும்போது கசியுற புரதம் இப்ப கூடியிருக்கு. இல்லாத ஆளுங்க கண்ணுக்குத் தெரியறது இந்த நோயாலதான்."

அமராவதிக்குப் போன உயிர் திரும்பியது. எதற்குச் சந்தோஷப்பட்டோம் என்று அப்புறம்தான் உறைத்தது. பஸ்ஸில் மாயவனின் கையைப் பிடித்தபடியே வந்தாள். பொம்மையார்பாளையம் தாண்டியதும் பழைய எரிச்சல் மூண்டது. மூளைதான் படம் காட்டுகிறது, சரி. அந்தப் படத்தில் நான் ஏன் வரவில்லை?

வீட்டில் டீயை நீட்டியதும் மாயவன் பதறினார். "சின்னப்பாப்பா, நீ கெளம்பு. அமராவதி வர்ற நேரம்!"

வேறொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். இவள் குரலைத் தாழ்த்தி, "வந்தா என்னாங்க?" என்றாள்.

"கிழிச்சிடுவா. போ, போ!" தோளைப் பிடித்து வாசலில் கொண்டுபோய் விட்டார்.

எதிர்வீட்டுக் கொளஞ்சியம்மாள் எட்டிப் பார்த்தாள். "என்னாடி, உன் வீட்லயே உன்னைத் தொரத்துறாரு?"

"என்னை இல்லக்கா, அவளை." சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது.

கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே போனாள். "ஏங்க, வந்துட்டேன். யாருனா வந்தாங்களா?"

"வா அமராவதி," என்றார் மாயவன், துளியும் தடுமாறாமல். "யாரும் வரலியே."