நாற்பத்தைந்தாவது வரி

பக்கத்துக்கு நாற்பத்து நான்கு வரி. பெஞ்சமின் மூன்றாம் முறையாக எண்ணினான். நாற்பத்தைந்து இருந்தது. கடைசி வரி இரும்புச் சட்டத்துக்குள் அடங்காமல் துருத்திக்கொண்டு நின்றது.

மலாய் நாட்டில், சூலியா தெரு அச்சகத்தில் பதினோரு வருஷமாக எழுத்துக் கோப்பவன் அவன். ஈய எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி நிற்கும். பழகிய கண்ணுக்கு அதுவே நேர். கோப்பது மலாய் அகராதியின் இரண்டாம் பதிப்பு. 'கெலிங்' என்ற சொல்லுக்கு 'தென்னிந்தியன், கூலி' என்று பொருள் போட்டிருந்தது. அதன் கீழே ஓர் உதாரணம்: 'கெலிங் பேச்சை நம்பாதே.'

ரிக்‌ஷாக்காரன் முதல் போலீஸ்காரன் வரை அவனைக் கூப்பிடும் சொல் அது. அகராதி எழுதிய துரைக்கு ஊர்த் தமிழர்கள் மனுப் போட்டார்கள்; மூன்றாவது கையெழுத்து பெஞ்சமினுடையது. துரை புரூஃபில் சிவப்பு மையால் ஒரு வரி சேர்த்தார்: 'இந்தியர் இச்சொல்லை இழிவாகக் கருதுவர்.' ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் எல்லோரிடமும் அதைச் சொல்லிவிட்டான் பெஞ்சமின்.

இப்போது இடிப்பது அந்த வரிதான். வரிகளுக்கு நடுவே ஈயத் தகடு இருந்தால் உருவிவிடலாம். அகராதிக்குத் தகடு போடுவதில்லை. அடுத்த பக்கத்துக்குத் தள்ளவும் முடியாது. மனு விவகாரத்தில் இந்தத் தாள் தங்கிவிட, அடுத்த தாள் முந்தி அச்சாகிவிட்டது.

"அண்ணே, வழி கெடச்சிருச்சு," என்றான் பெஞ்சமின், மேஸ்திரி காஜா மொய்தீனிடம். "இந்த உதாரணம் சரியா ஒரு வரி. எடுத்துட்டா பக்கம் கச்சிதமா உக்காந்துரும்."

"நம்பாதேன்னு இருக்கே, அதுவா? கூலி வாங்கிட்டு நம்மள நாமே திட்டிக் கோக்குறோம் பாரு."

"மேல போய் மேனேஜர்கிட்ட கேளுங்கண்ணே."

காஜா மொய்தீன் மாடிக்குப் போய்த் திரும்பினார். பெஞ்சமினின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"உதாரணம் துரை பத்து வருஷமா ஊர் ஊராத் திரிஞ்சு சேர்த்ததாம். கை வைக்கக் கூடாதாம். எடமில்லேன்னா குறிப்ப எடுத்துரச் சொல்றாரு மேனேஜர். துரைக்கு அவரே சூராட் எழுதித் தபால்ல போட்டுக்குவாராம்."

"இதே பக்கத்துல மேல பாருங்க, கெளுத்தி மீனுக்கு நாலு வரி கெடக்கு! அதுல ஒண்ணு?"

"கேட்டேன் லா. அது சயன்ஸாம்."

"கோயில்ல என்னண்ணே சொல்லுவேன்?"

"என் தொப்பியப் பாத்துட்டு எவன் வேற பேரு வச்சுக் கூப்புடுறான், தம்பி? நானும் கெலிங்தான். மூணு மணிக்கு மெஷின்ல ஏத்தணும். ஏறலேன்னா நாளைக்கு இங்க வேற ஆளு நிப்பான்."

பெஞ்சமின் குறிப்பு வரியை இருபுறமும் விரலால் நெருக்கித் தூக்கினான். எழுத்துகளை ஒவ்வொன்றாக எழுத்துப் பெட்டியில் அதனதன் அறையில் போட்டான். பிறகு மர ஆப்புகளைத் தட்டி இறுக்கி, சட்டத்தின் ஒரு முனையை உயர்த்திப் பார்த்தான். ஓர் எழுத்தும் உதிரவில்லை.

குறிப்பை எடுத்ததும் நாற்பத்து நான்கு வரி. பக்கம் சரியாகப் பூட்டிக்கொண்டது.