கை தூக்கிப் பார்த்த வைத்தியம்

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், வேலைநேரத்தில் குழந்தைகளை விட்டுவைக்கும் பிள்ளைக்காம்பரா ஞாயிற்றுக்கிழமைகளில் கேள்விக் கூட்டமாகிவிடும். யாரும் கேட்கலாம், யாரும் பதில் சொல்லலாம். பதில்கள் முட்டிக்கொண்டால் சங்கத் தலைவர் மாயாண்டி கை தூக்கச் சொல்வார். வேலைநிறுத்தத்துக்குச் சரிவந்த முறை பிள்ளை வயிற்றுக்கும் சரிவரும் என்று மனிதர் நம்பிவிட்டார்.

தோட்டத்து நேர்ஸ் சுகிர்தம் ஆரம்பத்தில் ஆசையோடுதான் போனாள். இப்போது வாய் வலித்தது. போன மாதம் தொண்டை வறளச் சொன்னதை இந்த மாதம் முதலிலிருந்து சொல்லவேண்டியிருந்தது.

அன்றும் பேதிக் கேள்விதான். மழை விடவில்லை, தொழிலாளர் வரிசைவீடுகளில் லயத்துக்கு லயம் பிள்ளைகள் துவண்டு கிடந்தன.

“கொதிச்சு ஆறுன தண்ணியில சீனியும் கொஞ்சூண்டு உப்பும் கலந்து குடுத்துக்கிட்டே இருங்க. ஒடம்புல தண்ணி வத்துனாத்தான் புள்ளைக்கு ஆபத்து” என்றாள்.

“போறதே தண்ணியாத்தான் போகுது. அதுக்கு மேல யாராச்சும் தண்ணி ஊத்துவாங்களா? வயித்தக் காயப்போடணும்” என்றார் ஆண்டியப்பன். அவருக்கு வைத்தியம் தெரியாது, குரல் இருந்தது. கூட்டம் சிரித்தது.

கை தூக்கினார்கள். சுகிர்தத்தின் பக்கம் எழுந்தது ஒன்றிரண்டுதான்.

“கோவிச்சுக்காதீங்க நேர்ஸம்மா” என்றார் மாயாண்டி, நல்ல மனதோடுதான். “இங்க நீங்களும் ஒரு கைதானே.”

கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மறுநாள் காலையில் அழகம்மா கைக்குழந்தையோடு அவள் வாசலுக்கு ஓடிவந்தாள். பிள்ளையின் கண் உள்ளே போயிருந்தது. அழுதால் கண்ணீர் வரவில்லை.

“தண்ணி குடுத்தியா?”

“நேத்துலருந்து குடுக்கலிங்க.”

சுகிர்தம் பிள்ளையை வாங்கினாள். மடியில் போட்டுக்கொண்டு சீனி உப்புத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். சாயந்தரம் பிள்ளை ஒண்ணுக்குப் போய் அவள் சேலையை நனைத்தது. அப்போதுதான் அவளுக்கு உயிர் வந்தது.

“நேத்து நீ யாரு பக்கம் கை தூக்குன?”

அழகம்மா தலையைக் குனிந்துகொண்டாள். “ஆண்டியப்பன் மாமா பக்கம்ங்க. நீங்க சொல்றதுதான் சரின்னு தெரியும்ங்க. ஆனா லயத்துல அடுத்த காம்பரா ஆளாச்சே, எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க.” பிறகு மெல்லக் கேட்டாள்: “வர்ற ஞாயித்துக்கெழம வருவீங்கல்ல?”

“இல்ல அழகம்மா. இங்க வா, எந்நேரமும் சொல்றேன். அங்க இனிமே வரமாட்டேன்.”

அவள் போனபின் சுகிர்தம் கதவைச் சாத்தினாள். நிம்மதியாகத்தான் இருந்தது. அன்று வாசலுக்கு வராத பிள்ளைகள் எத்தனை என்று நினைக்கும்வரை.