இரவல் முகம்

சீனாவின் யிவூ நகரத்துக்கு வந்த முதல் வாரத்திலேயே பிளாமெனுக்கு ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டது. இங்கே வேலையைவிட விருந்துதான் கஷ்டம். வேலை என்ன பெரிய வேலை? சரக்கு மாதிரிகளைப் போட்டோ எடுக்க வேண்டும், அளவு பார்க்க வேண்டும், பெட்டியில் அடுக்க வேண்டும். பல்கேரியாவில் சீன மொழி படித்துவிட்டு, கடைசிப் பருவத்துக்கு வெங் முதலாளியின் ஏற்றுமதி அலுவலகத்தில் பயிற்சி ஊழியனாக வந்து சேர்ந்தவன் அவன். ஒரே ஒரு குழப்பம்தான் இருந்தது. அவன் ஊரில் ஆமாம் என்பதற்குத் தலையை இடவலமாக ஆட்டுவார்கள். "புரிஞ்சுதா?" என்று முதலாளி கேட்க, இவன் பக்கவாட்டில் ஆட்ட, பாவம் அந்த மனிதர் அதையே திரும்பத் திரும்ப விளக்கித் தொண்டை வறண்டுபோனார்.

விருந்துப் பாடத்துக்கு வாத்தியார் சியோங் அக்கா. பக்கத்து மேஜைக்காரி, வாய் கொஞ்சம் நீளம்.

"இங்க பாரு தம்பி, நீதான் எல்லாரையும் விடச் சின்னவன். டீ தீர்ந்தா நீதான் ஊத்தணும். கிளாஸ் முட்டும்போது உன் கிளாஸ் விளிம்பு அடுத்தவங்க விளிம்புக்குக் கீழ இருக்கணும். மேல போச்சு, உனக்குத் திமிருன்னு அர்த்தம்."

"அவங்களும் கீழ கொண்டு போனா?"

"நீ இன்னும் கீழ போ."

"அதுக்கும் கீழ போனா?"

"மேஜை தடுக்கும்ல, அப்ப நிறுத்திக்கோ! வந்துட்டான் கேள்வி கேக்க."

சாயங்காலம் அவன் குடியிருப்புக்குப் பின்னாலிருக்கும் பூங்காவுக்குப் போவான். அங்கே சிமென்ட் மேஜைகளில் பிங்பாங் நடக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கிழவர்கள் அவனைத் துவைத்துக் காயப்போட்டார்கள். "ஏ ஐரோப்பா, பந்து சாக்கடைப் பக்கம் போச்சு பாரு, ஓடு ஓடு!" என்று விரட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சியோங்கும் அவள் தோழிகளும் அவனைக் கரோக்கி பாடும் அறைக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். அவன் குரல் கேட்டுக் காதைப் பொத்திக்கொள்வார்கள், அப்புறம் இன்னொரு பாட்டு பாடு என்பார்கள். யாரும் அவனை விருந்தாளியாக நடத்தவில்லை, வீட்டுப் பையன் மாதிரி வேலை வாங்கினார்கள். அதில் அவனுக்கு உள்ளூரப் பெருமை.

அப்படியிருக்கையில்தான் ஒருநாள் மத்தியானம் வெங் அவனைத் தன் அறைக்குள் கூப்பிட்டார்.

"இன்னிக்கு விருந்துல நீ டீ ஊத்தக் கூடாது. நீதான் நம்ம ஐரோப்பா கிளை மேனேஜர்."

"நமக்கு அங்க கிளை இருக்கா முதலாளி?"

"இன்னிக்கு மட்டும் இருக்கு. பேசாம உக்காரு, சிரி, சாப்பிடு. வயசு கேட்டா முப்பதுன்னு சொல்லு. தாடிதான் இருக்கே, நம்பிடுவாங்க."

வெங்குக்கு அந்த வருஷம் நேரம் சரியில்லை. பழைய வாடிக்கையாளர்கள் கைவிட்டுவிட்டார்கள். வெங் கடையைச் சாத்தப் போகிறான் என்று சந்தையில் பேச்சு. கடைசியாகக் கிறிஸ்துமஸுக்கு ஒரு பெரிய சாக்ஸ் ஆர்டர் வந்திருக்கிறது. அவ்வளவையும் அந்த நேரத்துக்குள் பின்னித் தர லுவோ அம்மாவின் ஆலையால்தான் முடியும். ஆனால் அதை அவள் எடுத்துக்கொண்டால், ஏற்கெனவே வாசலில் நிற்கும் இன்னொரு வாடிக்கையாளரை அனுப்பிவிட வேண்டும். நடுவில் வெங் கவிழ்ந்துவிட்டால் அவளும் சேர்ந்து கவிழ வேண்டியதுதான். அந்தப் பயத்தைப் போக்கத்தான் இன்றைய விருந்து.

பிளாமெனுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் பயிற்சி முடித்தான் என்று முத்திரை குத்தித் தர வேண்டியவர் வெங். அது இல்லையென்றால் பட்டம் இல்லை. போதாததற்கு, காய்ச்சலில் படுத்திருந்தபோது தன் கையால் கஞ்சி கொண்டுவந்து கொடுத்த மனிதர் வேறு. தலையை ஆட்டினான். இந்த முறை சீனர்களைப் போல மேலும் கீழுமாக.

விருந்து அறையில் வாசலைப் பார்த்த பெரிய நாற்காலியில் அவனை உட்கார வைத்தார் வெங். மீன் வந்ததும் தட்டைச் சுழற்றி, அதன் தலை அவனைப் பார்க்கும்படி நிறுத்தினார். பிரதம விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை அது. பிளாமென் அந்த மீனின் கண்ணைப் பார்க்கவே கூசினான்.

லுவோ அம்மா ஸ்கூட்டரில் வந்திருந்தாள், கையில் ஹெல்மெட்டோடு. ஐம்பது தாண்டிய வயது, ஒட்ட வெட்டிய முடி. வண்டி ஓட்ட வேண்டும் என்று சாராயத்தைத் தள்ளிவிட்டுச் சூடான சோளச் சாறு ஊற்றிக்கொண்டாள். இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்து எழுந்து நின்றாள்.

"மேனேஜர் சார், எங்க ஆலையில இருக்கற பொண்ணுங்க எல்லாரும் இந்த சீசனை நம்பித்தான் இருக்காங்க. நீங்க கொஞ்சம் பாத்துக்கணும்."

சொல்லிவிட்டுக் கோப்பையைத் தாழ்த்தினாள். தன் அம்மாவைவிட மூத்தவள் தனக்குக் கீழே தாழ்த்துவதைப் பார்த்ததும் பிளாமெனின் கை தானாக இறங்கியது. அவள் இன்னும் இறக்கினாள். அவனும் இறக்கினான். மேஜைக்கடியில் வெங் உதைத்தார். இரண்டு கோப்பைகளும் மேஜை விரிப்பில் இடித்துச் சாறு சிந்தியது.

"அட, என்ன சார் இது! எங்கூர்ப் பையனாட்டம் இவ்வளவு மரியாதை!" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவனை உற்றுப் பார்த்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது.

"தம்பி, உனக்கு என்ன வயசு?"

முப்பது என்பது சின்ன வார்த்தைதான். அது நாக்கு நுனி வரை வந்தது. முத்திரை ஞாபகம் வந்தது, கஞ்சி ஞாபகம் வந்தது. ஆனால் எதிரே நிற்பவள் ஊரார் பிழைப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறாளே.

"இருபத்திரண்டுங்க. நான் மேனேஜர் இல்லம்மா. பயிற்சிக்கு வந்தவன். போட்டோதான் எடுக்கறேன்."

வெங் முகம் செத்துப்போயிற்று. லுவோ அம்மா உட்கார்ந்தாள். பையன் மேல் அவளுக்குக் கோபமில்லை.

"எதுக்கு அண்ணே இதெல்லாம்?"

"சந்தையில என்ன பேசறாங்கன்னு உனக்குத் தெரியாதா? என் பேச்சுக்கு இப்ப என்னம்மா மதிப்பு இருக்கு?"

"போன மழைக்கு ஆலைக்குள்ள வெள்ளம் வந்தப்ப, நூல் மூட்டையத் தோள்ல தூக்கி மாடிக்கு ஏத்தினது யாரு? ஐரோப்பாக்காரரா? உங்க முகத்துக்காகத்தான் வந்தேன். சரின்னு சொல்லத்தான் வந்தேன். நீங்க என்னடான்னா இரவல் முகத்தக் கொண்டாந்து எதிர்ல உக்கார வெச்சிருக்கீங்க."

ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "மீனச் சாப்பிடு தம்பி, ஆறிப்போகுது" என்று அவனிடம் மட்டும் சொன்னாள். சரியென்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை. போய்விட்டாள்.

குடித்தவர் வண்டி எடுக்கக் கூடாது என்பதால் கூலிக்கு வரும் டிரைவருக்காக இருவரும் ஓட்டல் வாசலில் நின்றார்கள். எல்லாம் போயிற்று என்றே பிளாமென் நினைத்தான். வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம் என்று பயமாக இருந்தது. ஆனாலும் சொன்னான்.

"மன்னிச்சிடுங்க முதலாளி."

"சரின்னு சொல்ல வந்திருக்காடா அவ," என்றார் வெங். "என்னை நம்பி வந்திருக்கா. நான்தான் என்னை நம்பல."

டிரைவர் வருகிறானா என்று ரோட்டை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"காலைல அவ ஆலைக்குப் போறேன்."

"நானும் வரேன் முதலாளி. நானும் மன்னிப்புக் கேக்கணும்."

"வேண்டாம். நீ ஆபீஸ்ல இருந்து போட்டோ எடு. நான் மட்டும் போறேன்."