பிரிக்காத மூட்டைகள்

வெளிநாட்டு வானொலிச் சேவைக்கு இனியும் அரசு நிதி எதற்கு என்று விசாரித்த குழு, நேயர் கடிதங்களைச் சான்றாகக் காட்டச் சொன்னது. பத்து வருடமாக அந்தக் கடிதங்களை அறிவிப்பாளரே எழுதி, அவரே நாக்கூசாமல் உருகி உருகி வாசித்து வந்தார். மூன்று மாடி இறங்கித் தபால் அறைக்குப் போக யாருக்குப் பொழுது இருக்கிறது?

"கீழ போய்ப் பாப்போம், வாங்க சார். நிஜக் கடிதம் நாலஞ்சாவது இருக்காதா?" என்றார் தட்டச்சர் அம்மா. அவருக்கும் தெரிந்திருக்கிறது!

கீழே பிரிக்காத மூட்டைகள் பதினொன்று கிடந்தன. கைக்கு வந்த உறையை அறிவிப்பாளர் கிழித்தார். கப்பல் சமையல்காரர் ஒருவர் எழுதியிருந்தார்:

"அண்ணே, இது என்னோட நாற்பதாவது கடிதம். நீங்க வாசிக்கிற கடிதங்க மாதிரி எனக்கு அழகா எழுத வராதுதான். பேரையாவது ஒரு தடவை சொல்லுங்கண்ணே."