கமலம்மா இல்லாத ஒரு மாதம்

என் மனைவி கமலம்மாவை ஒரு மாதம் வீட்டில் உட்கார வைக்க வேண்டும் என்று திருப்பதியில் முடிவு செய்தார்கள். முடிவு செய்தவர்களுக்கு என்ன, சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்கள். கூட இருந்து அனுபவிக்கப் போகிறவன் நான்.

முதலில் அவள் செய்யும் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் ஆந்திர எல்லையில் இருக்கும் நகரி. விசைத்தறி ஊர். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் தறிக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்கிற வீடுகள்தான் அதிகம். அப்படிப்பட்ட வீட்டில் ஒருவர் படுக்கையில் விழுந்தால் இன்னொருவரும் வீட்டோடு கட்டுண்டு போவார். ஆறு வருடத்துக்கு முன் நான் மாடிப்படியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு கிடந்தபோது, கமலாவால் ரேஷன் கடைக்குக்கூடப் போய்வர முடியவில்லை. நான் எழுந்து நடமாடத் தொடங்கியதும் அவள் தெருப் பெண்களைக் கூட்டி ஓர் ஏற்பாடு செய்தாள். படுக்கையாக ஆள் கிடக்கும் வீட்டுக்குத் தினம் அரை நாள் ஒரு பெண் போவாள். உடம்பு துடைத்து, துணி மாற்றி, புரட்டிப் படுக்க வைத்து, கஞ்சி கொடுப்பாள். அந்த நேரத்தில் வீட்டுக்காரி தறிக்குப் போய்வருவாள். போகிற பெண்ணுக்கு அந்த வீட்டார் தங்களால் ஆனதைக் கொடுப்பார்கள். மீதியைக் கமலா ஊரில் நாலு பெரிய மனிதர்களை விரட்டி வாங்கிச் சரிக்கட்டுவாள். தறிக் கொட்டகையில் அடுத்த ஷிப்டுக்கு வரும் ஆளை 'மாத்து' என்போம். இந்த ஏற்பாட்டுக்கும் அதே பெயர் நின்றுவிட்டது.

ஒரு கல்லூரியிலிருந்து இரண்டு வருடம் வீடு வீடாக வந்து விசாரித்தார்கள். மாத்து போகிற வீடுகளில் படுக்கைப் புண் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது, விட்ட வேலைக்குப் பெண்கள் திரும்பப் போகிறார்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதைப் பார்த்துவிட்டுத் திருப்பதியில் இருக்கும் ஓர் அறக்கட்டளை வந்தது. புதிதாக எதையாவது தொடங்குகிறவர்களுக்குப் பணம் கொடுப்பது அவர்கள் வேலை இல்லை. ஓர் ஊரில் பலித்ததைப் பத்து ஊருக்குக் கொண்டுபோகப் பணம் கொடுப்பார்கள். பாகாலா, புத்தலப்பட்டு, ஏர்பேடு என்று, தாலுகா மாதிரி, மூன்று மண்டலங்களுக்கு மாத்தைக் கொண்டுபோகலாம் என்றார்கள். கமலாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அப்புறம்தான் அந்த ஸ்ரீதேவி வந்தாள். அறக்கட்டளையின் அதிகாரி. முப்பத்தைந்து வயதிருக்கும். புத்தலப்பட்டுப் பெண், பேச்சில் பாதி தெலுங்கு. நான்கு நாள் எங்கள் ஊரிலேயே தங்கிப் பார்த்துவிட்டு, ஐந்தாம் நாள் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொன்னாள்.

"கமலம்மா காரு, இங்க எல்லாம் பாகுந்தி, நல்லாருக்கு. ஆனா யாராண்ட எதைக் கேட்டாலும் 'அக்காவைக் கேளுங்க'ன்றாங்க. பாகாலாவுல அக்காவுக்கு நான் எங்க போறது?"

"நானே போறேன். பஸ்ஸு இல்லியா?" என்றாள் கமலா.

"மூணு மண்டலத்துக்கும் ஒரே நேரத்துல போவீங்களா?"

கமலா காபி டம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். பேச்சின் நடுவில் அவள் எழுந்து போனதை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஸ்ரீதேவி வைத்த நிபந்தனை இதுதான். ஒரு மாதம் கமலம்மா மாத்து வேலையில் தலையிடக் கூடாது. போனில் பேசக் கூடாது, எந்த வீட்டுக்கும் போகக் கூடாது. அவள் இல்லாமல் நகரியில் ஓடினால்தான் மற்ற ஊர்களில் ஓடும் என்று நம்பிப் பணம் கொடுக்க முடியும். இல்லாவிட்டால் இல்லை.

"நான் பெத்து வளத்த புள்ளைய, நான் செத்தா இன்னா ஆவும்னு பாக்கறாங்க," என்று அன்று முழுக்கப் பொருமினாள். ஆனால் ஒத்துக்கொண்டாள். பொறுப்பை ரத்தினம்மாவிடம் விடச் சொன்னது ஸ்ரீதேவிதான். கமலாவைக் கேட்டிருந்தால் அந்தப் பெயர் வாயில் வந்திருக்காது. ரத்தினம்மா மாத்துக்குப் போகிற பெண்களில் ஒருத்தி, அதிர்ந்து பேசாதவள். கமலாவிடம் தினம் ஒரு திட்டாவது வாங்காமல் வீட்டுக்குப் போகாதவள்.

அந்த மாதத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று கேளுங்கள். கமலாவுடைய போன் என் சட்டைப் பையில். அவள் கை சும்மா இருக்காதே. பரணில் கிடந்த பாத்திரத்தையெல்லாம் இறக்கித் துலக்கினாள். என் நூல் கடையில் வந்து உட்கார்ந்து, நூல் வாங்க வந்தவர்களுக்கு நான் சொன்ன விலையைக் குறைத்தாள். பூ வாங்கப் போகிறேன் என்று ரத்தினம்மா வீட்டுத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள். பூக்கடை எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே இருக்கிறது.

"சேவல் கூவலன்னா பொழுது விடியாதான்னு கேப்பாங்களே, அது மாதிரி இருக்குது உன் கதை," என்றேன் ஒரு நாள்.

"விடியுதா இல்லியான்னுதான் எனக்கும் தெரியல. நீ போனக் குடுக்க மாட்டன்ற," என்றாள். சொல்லிவிட்டு, துலக்கி வைத்த பாத்திரத்தையே மறுபடி எடுத்துத் துலக்கினாள். அதற்குப் பிறகு அவளைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது வாரம் தரணி வந்தாள். அவள் புருஷன் கங்கையா லாரி ஓட்டியவன். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து இரண்டு வருடம் ஆகிறது. முரடன். யார் மாத்துக்குப் போனாலும் கத்தித் துரத்திவிடுவான். கமலா ஒருத்தி போனால் மட்டும் வாயை மூடிக்கொண்டு கிடப்பான். அதனால் அந்த வீட்டை அவளே வைத்துக்கொண்டாள்; இந்த மாதம்தான் ரத்தினம்மா போனாள்.

"அக்கா, ரத்தினம்மா மேல சொம்பத் தூக்கி அட்ச்சிட்டாரு. நெத்தியில ரத்தம். அவங்க ஒண்ணும் சொல்லாம போயிட்டாங்க," என்று தரணி வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். "நாளைக்கு நான் ஷிப்டுக்கு வரலன்னா தறிய வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னு மொதலாளி சொல்லிட்டாரு. நீங்க வந்து ஒரு தபா உக்காந்தா போதும்க்கா."

"நீ வூட்டுக்குப் போ. காலைல நான் வரேன்," என்றாள் கமலா, யோசிக்காமல்.

தரணி போனதும் நான் வாயைத் திறந்தேன். "நீ போனா அவளுக்கு நாளைக்கு சரியாப் பூடும். மூணு மண்டலம் போயிடுமே."

"கண்ணெதிர்ல ஒருத்தி அழுதுக்கினு இருக்கா. பாகாலாவுல அழுவுறவள நான் பார்த்தேனா?"

"பார்க்கலன்னா அவ அழுவலன்னு அர்த்தமா?"

அவள் என்னை முறைத்தாள். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது, அதுதான் வினை. தரணிக்கு வேலை போனால் அந்த வீடு நிற்காது. அது எனக்கும் தெரியும். காலையில் கமலா புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றபோது, நான்தான் வண்டியை எடுத்தேன். தடுக்க வேண்டியவன்தான் நான். தடுக்க முடியவில்லை.

கங்கையா வீட்டு வாசலில் ரத்தினம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் பிளாஸ்திரி. தரணி தறிக்குப் போய்விட்டிருந்தாள். உள்ளே இரண்டு ஆண் குரல்கள் உரக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. சித்தூருக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனால் எந்த ரோட்டில் டீசல் மிச்சம் என்று வழக்கு. ஒரு குரல் கங்கையாவுடையது, வாய் கோணிய பேச்சு. மற்றது சிட்டிபாபு, தறி ரிப்பேர் செய்கிறவன்.

எங்களைப் பார்த்ததும் ரத்தினம்மா எழுந்தாள். எழுந்தவள் ஒதுங்கவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள போவாதீங்கக்கா," என்றாள் மெல்ல.

"ஆம்பளய உட்டிருக்கியா உள்ள?" என்றாள் கமலா. மாத்துக்குப் பெண்கள் மட்டும்தான் போக வேண்டும் என்பது அவள் முதல் நாளே போட்ட சட்டம். பெண்கள் இருக்கிற வீட்டுக்குள் வெளி ஆண் நுழைந்தால் ஊர் வாயை மூட முடியாது என்பாள்.

"தரணி இல்லாத நேரத்துலதான் சிட்டிபாபு அண்ணன் வராரு. அவ திரும்பற வரைக்கும் நான் வெளிய உக்காந்துக்கறேன். யாரு இன்னா பேசறதுக்கு இருக்குது?" என்றாள் ரத்தினம்மா. "நேத்து அட்ச்சதும் எனக்குக் கோவம் வந்துச்சு, போயிட்டேன். சாயங்காலம் திரும்பி வந்து, 'இன்னாத்துக்கு அட்ச்ச'ன்னு கேட்டேன். சின்னப் புள்ளயாட்டம் அழுதுட்டாருக்கா. பொம்பளைங்க கையால துணி மாத்திக்கறதுக்கு செத்துடலாம்னு இருக்குதாம். ஆம்பளைங்க யாராச்சும் வந்தா தேவலன்னாரு. அதான் அண்ணனக் கூட்டியாந்தேன்."

கமலா அவள் நெற்றிப் பிளாஸ்திரியைப் பார்த்தாள். பிறகு, "நான் போறப்போ ஒண்ணும் சொல்ல மாட்டானே," என்றாள்.

"அவருக்கு உங்களாண்ட பயம்க்கா," என்றாள் ரத்தினம்மா.

உள்ளே சிட்டிபாபு ஏதோ சொல்ல, கங்கையா சிரித்தான். அவன் சிரித்து நான் கேட்டதில்லை. கமலாவும் கேட்டிருக்க மாட்டாள். அவள் திரும்பி வந்து வண்டியில் ஏறிக்கொண்டாள். வீடு வரும்வரை என் முதுகில் அவள் நெற்றி பட்டுக்கொண்டிருந்தது.

"ரெண்டு வருஷமா அவன் உடம்பத் தொடச்சிருக்கேன், பிரித்திகா நைனா," என்றாள், வீட்டுக்குள் வந்ததும். பிரித்திகா எங்கள் மகள், நைனா என்றால் அப்பா. என்னைக் கமலா கூப்பிடுவது அப்படித்தான். "அடங்கிக் கெடக்கறான், நம்ம கைக்கு அடங்கிட்டான்னு பெருமப் பட்டுக்கினேன். மனசுக்குள்ள கூனிக் குறுகிக் கெடந்திருக்கான். நான் ஒரு வார்த்த கேக்கலியே."

எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நீ செய்ததில் குறை ஒன்றும் இல்லை என்று சொல்லத் தோன்றியது. சொன்னால் பொய்யாகிவிடும். காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை அதிகம் என்று திட்டவில்லை, குடித்துவிட்டாள்.

மாதம் முடிந்ததும் திருப்பதிக்குக் கூப்பிட்டார்கள். கமலா, ரத்தினம்மா, நான், மூன்று பேரும் போனோம். நீள மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்தாறு பேர், நடுவில் ஸ்ரீதேவி. ஒரு வீடும் விடுபடாமல் மாத்து ஓடியிருக்கிறது என்று அவள் படித்துக் காட்டினாள். நிபந்தனைப்படி நடந்ததா என்று அவர்களில் மூத்தவர் தெலுங்கில் கேட்டார். நான் ஆமாம் என்று தலையாட்டத் தொடங்கியிருந்தேன்.

"இல்ல," என்றாள் கமலா. "ஒரு நாள் நான் போனேன்."

மேசைக்கடியில் அவள் காலை மிதித்தேன். அவள் காலை இழுத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். தரணி வந்தது, தான் வாக்குக் கொடுத்தது, வண்டி ஏறிப் போனது, வாசலில் ரத்தினம்மா மறித்தது, உள்ளே கேட்ட சிரிப்பு. "நான் போட்ட சட்டம் தப்பு. இவ உடைச்சது சரி. ஆம்பளைங்களயும் மாத்துக்கு எடுக்கணும்னு எழுதிக்கோங்க. நான் அங்க இருந்திருந்தா அது நடந்திருக்காது," என்றாள். ஸ்ரீதேவி வரிக்கு வரி தெலுங்கில் மாற்றிச் சொன்னாள்.

எங்களை வெளியே உட்காரச் சொன்னார்கள். வாயைக் கொடுத்துக் கெடுத்துக்கொண்டாளே என்று நான் மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தினம்மா திருமலைப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக் கும்பிட்டாள். கமலா மட்டும் அசையாமல் இருந்தாள்.

கதவைத் திறந்துகொண்டு ஸ்ரீதேவி வந்தாள். நேராக ரத்தினம்மாவிடம்தான் போனாள்.

"ஏம்மா, அக்காவையே உள்ள விடலயா நீங்க?" என்றாள் சிரித்துக்கொண்டே. "பணம் வருது. மூணு மண்டலத்துக்கும் வருது. மொதல்ல பாகாலா."

ரத்தினம்மா விசும்பினாள். கமலா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதில் மறைக்க என்ன இருக்கிறது.

திரும்பும்போது பஸ்ஸில் அவர்கள் இருவரும் ஒரே சீட்டில், நான் பின்னால். ரேணிகுண்டா தாண்டியதும் ரத்தினம்மா கேட்டாள்.

"அக்கா, பாகாலாவுக்கு யாரு போறது?"

கமலா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ சொல்லு," என்றாள்.

முப்பது வருடத்துக்கு மேல் அவளோடு குடித்தனம் நடத்துகிறேன். அந்த வார்த்தையை அவள் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. ரத்தினம்மா அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே வெகுநேரம் யோசித்தாள். புத்தூர் வந்துவிட்டது.

"நீங்க போங்கக்கா," என்றாள் கடைசியில். "மூணு மாசம் இருங்க. ஆனா அங்க இருக்கறவங்க கையில உட்டுட்டு வந்துடணும்."

"வந்துடறேன்," என்றாள் என் மனைவி.