துவைத்த பின் சுருங்கிய நட்சத்திரம்

தைத்து முடித்தபோது போர்வை தரையோடு தரையாகப் படிந்து கிடந்தது. துவைத்துக் கொடியில் போட்டதும் நடுவில் துண்டுத்துணிகளை இணைத்துத் தைத்திருந்த நட்சத்திரம் ஒரு பக்கம் உப்பி, இன்னொரு பக்கம் இழுத்துக்கொண்டது. தையல் பிரியவில்லை. நூல் அறவில்லை. எங்கே தவறு என்று எனக்குப் புரியவில்லை.

"இதுதான் உங்க ஊருப் போர்வையா, மாகோட்சோ? சீக்கு வந்த ஆமை மாதிரி இருக்கு," என்றாள் நாத்தனார் டினேயோ.

மாகோட்சோ என்பது எங்கள் வழக்கப்படி கல்யாணத்தன்று மாமியார் எனக்கு வைத்த பெயர்: கோட்சோவின் அம்மா. கோட்சோ இன்னும் பிறக்கவில்லை. கணவர் எல்லைக்கு அப்பால் சுரங்க வேலையில். இந்த வீட்டில் என்னுடையது என்று இருந்தது, செத்துப்போன என் அம்மாவின் கைத் தையல் மெஷின் மட்டும்தான்.

அதன்மேல்தான் டினேயோவுக்குக் கண். மஃபெடெங் ஊர்ச் சந்தையோரம் வாடகை மெஷினில் பாவாடை தைப்பவள் அவள். மாமியார் தீர்ப்புச் சொல்லியிருந்தார்: நான் ஒரு போர்வை ஒழுங்காகத் தைத்தால் மெஷின் எனக்கு, இல்லையென்றால் டினேயோவுக்கு. வெட்டுத்துணி மூட்டையை டினேயோவே கொண்டுவந்து போட்டாள். எல்லாம் எங்கள் பெண்கள் உடுத்தும் ஷ்வேஷ்வே அச்சுப் பருத்தி, நீலமும் பழுப்புமாக.

மாமியார் கொடிக்கு வந்து போர்வையைச் சுண்டி இழுத்தார். "டினேயோ, மெஷினத் தூக்கு."

"இன்னும் ஒரே தடவை, அத்தை."

"குளிர்காலம் எறங்குறதுக்குள்ள. அப்புறம் அழுதாலும் கேக்க மாட்டேன்."

போர்வையைப் பிரித்தேன். எல்லாத் துண்டுகளையும் ஒரே அட்டையை வைத்துத்தான் வெட்டியிருந்தேன். இப்போது மறுபடி அந்த அட்டையில் வைத்துப் பார்த்தால், சில துண்டுகள் அப்படியே பொருந்தின, சில சின்னதாகியிருந்தன. ஆக, தையலில் பிழையில்லை. துணி சுருங்கியிருக்கிறது, அதுவும் சில துண்டுகள் மட்டும். புதுத்துணி சுருங்கும், ஏற்கெனவே துவைத்த பாவாடையில் மிஞ்சியது சுருங்காது. ஆனால் மூட்டையில் மீதி இருந்ததில் எது புதுசு, எது பழசு? தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. புதுத்துணி ஆலைக் கஞ்சியில் விறைத்திருக்கும். பழைய பாவாடைக்கும் வீட்டில் மக்காச்சோள மாவில் கஞ்சி போட்டுத்தான் தேய்ப்போம்.

மறுநாள் டினேயோ பாவாடைத் துணி வாங்கப் போனபோது, சுமை தூக்க நானும் துணிக்கடைக்குப் போனேன். புதுச் சுருளின் முனையை அவள் நாக்கில் வைத்தாள். "உப்பு கரிக்குது. அசல்தான். வெட்டுங்க."

துணி வாங்கும்போது எல்லோரும் இப்படித்தான் செய்வோம், நானும்தான். போலியில் அந்தக் கரிப்பு இருக்காது. அன்றைக்குத்தான் அடுத்த படியை யோசித்தேன். கரிப்பு இருப்பது ஆலைக் கஞ்சியில். ஒரு துவையலில் அது போய்விடும். வீட்டுக் கஞ்சியில் உப்பே கிடையாது.

வீட்டுக்கு வந்து மூட்டையைக் கொட்டி, ஒவ்வொன்றாக நாக்கில் வைத்தேன்.

"அம்மா, இங்க வந்து பாரு! உன் மருமக துணியத் தின்னுறா. மக்காச்சோளக் களி பத்தல போல," என்று டினேயோ கத்தினாள்.

அடுத்த துண்டை எடுத்தேன். துண்டுகள் இரண்டு குவியலாயின.

புதுப் போர்வையை மாமியாரே துவைத்தார், வேண்டுமென்றே முறுக்கிப் பிழிந்து. காய்ந்ததும் கட்டிலில் விரித்து உள்ளங்கையால் தடவினார். கையில் எங்கும் மேடு தட்டுப்படவில்லை.

"மெஷின் இருக்குற எடத்துலயே இருக்கட்டும்," என்றார், என் முகத்தைப் பாராமல்.

டினேயோ போர்வையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "என்னடி சூனியம் வெச்ச?"

"மூட்டையில புதுசையும் பழசையும் கலந்து தந்தது நீங்கதானே, அண்ணி. நாக்குல வெச்சுப் பிரிச்சேன். உப்பு கரிச்சா துவைக்காத துணி. அத மட்டும் வெந்நீர்ல ஊறப்போட்டு, காய வெச்சு, சுருங்கினதுக்கு அப்புறம் வெட்டினேன்."