பொம்மை நின்ற கண்ணாடி அலமாரி

கொச்சி மட்டாஞ்சேரியில் மகா வீட்டு உருளைக்கிழங்கு ஏழு மாதம் அழுகவில்லை. அழுகாதது மட்டுமல்ல, மாதத்துக்கு இருநூறு கிராம் வீதம் எடையும் கூடியது. அதே கடையில் அதே சாக்கிலிருந்து வாங்கிய அவளுடைய ஓரகத்தி சங்கரியின் கிழங்கு பத்தாம் நாளே முளைவிட்டுச் சுருங்கிவிட்டது. இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்தது ஒரு பிளைவுட் தடுப்பு மட்டும்தான். இரண்டு வீடும் சேர்ந்து முன்பு சுக்கும் மிளகும் அடைத்துவைத்த ஒரே கிடங்கு. உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்த சங்கிலிப்பாண்டியும் அவன் தம்பி முத்துவேலும் அதை வாடகைக்கு எடுத்து, சரிபாதியாகத் தடுத்து, ஆளுக்கொரு பக்கம் குடும்பம் நடத்தினார்கள். பாதி சரிதானா என்று மூத்தவன் மனைவி சங்கரி இரண்டு முறை டேப் வைத்து அளந்து பார்த்தாள். ஓர் அங்குலம்கூடப் பிசகவில்லை. அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

முத்துவேல் யூதர் தெருவான ஜூ டவுனில் முகைதீன் பிச்சையின் பழைய மரச்சாமான் கடையில் சுமை தூக்கினான். விற்காது என்று முதலாளி ஒதுக்கியதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவருவான். மகா அதை அறுத்து, ஆணியடித்து, சாமான் வைக்கிற இடமாக மாற்றிவிடுவாள். பழைய மரம் தன் பழைய வேலையை மறப்பதில்லை என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். வைப்பின் தீவுக்குப் போகும் படகுக்கு டிக்கெட் கொடுத்த மரக்கூண்டை அவள் மசாலா அலமாரி ஆக்கினாள். வரிசையில் நிற்காதவர்களுக்கு அதன் கதவு திறக்காது, மதியம் ஒன்றிலிருந்து இரண்டுவரை யாருக்குமே திறக்காது. பள்ளிக்கூட பெஞ்சு ஒன்றைச் செருப்பு வைக்கும் தட்டாக்கினாள். பெரியவர்கள் யாராவது உள்ளே வந்தால் அதிலிருக்கும் செருப்புகள் எழுந்து நிற்கும். உருளைக்கிழங்கு கிடந்தது ஒரு தொட்டிலில். கல்யாணமாகி ஒன்பது வருடமாகியும் மகாவுக்குப் பிள்ளை இல்லை. தொட்டிலை வேறு எதற்கு வைத்துக்கொள்வது என்று கிழங்கைக் கொட்டிவைத்தாள். போகும்போதும் வரும்போதும் அதை ஓர் ஆட்டு ஆட்டிவிடுவாள்.

கலூரிலிருந்தும் ஏலூரிலிருந்தும் ஆட்கள் வந்து மகாவின் வீட்டைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் சங்கரியின் பாத்திரங்கள் அட்டைப் பெட்டிகளில் கிடந்தன. அவளுக்கு வயிறு எரிந்தது. அது சும்மா சொல்கிற எரிச்சல் இல்லை. இரவு உலை வைக்கும்போது அவள் பக்கத்தில் நின்றாலே அடுப்பில் பாதி கேஸ் போதும் என்று சங்கிலிப்பாண்டி கண்டுபிடித்திருந்தான். இருந்தாலும் சாமானுக்காக எரிந்தவரை அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாமல் போனது அவளுடைய ஒரே மகள் சுபாஷிணியால். எட்டு வயதுப் பெண், மலையாளப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. முதலில் வீட்டுப்பாடம் எழுத சித்தி வீட்டுக்குப் போனாள். அப்புறம் அவளுடைய புத்தகப் பை அங்கே போயிற்று, சீப்பு போயிற்று, ஓணம் விடுமுறையில் தலையணையும் போயிற்று. ஏன்டி என்று கேட்டால், "சித்தி வீட்ல இடம் இருக்கும்மா" என்பாள். தையல் மெஷின் மேசையிலிருந்து கழற்றிய ஓர் இழுப்பறையில் மகா அவள் பெயரை மலையாளத்தில் எழுதி ஒட்டினாள். அதில் மடித்து வைத்த பாவாடைகள் மறுநாள் ஓரம் அடித்து, அளவு கூட்டி, பிள்ளை வளர்ந்த அளவுக்குச் சரியாக இருந்தன.

ஒருநாள் சாயாவோடு வந்த மகா, டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள். "அக்கா, சுபா எங்கிட்டயே இருந்துக்கிறட்டுமே. ஒரு செவுருதான நடுவுல. நான் பொன்னு போல நோக்கிக்கிருவேன்." சங்கிலிப்பாண்டி அதில் தப்பொன்றும் இல்லை என்றான். சங்கரி கையிலிருந்த சாயா கொதித்து வழிந்தது.

மறுநாளே அவள் முகைதீன் பிச்சையின் கடைக்குப் போய், மகாவிடம் இல்லாத ஒன்று வேண்டும் என்று கேட்டாள். அவர் மூடிப்போன ஒரு ஜவுளிக்கடையின் கண்ணாடி அலமாரியைக் காட்டினார். ஆளுயரம், சேலை கட்டிய பொம்மை இருபது வருடம் நின்ற இடம். "இது வேணாம் தங்கச்சி. இதுக்குள்ள எத வச்சாலும் பாக்குறவுகளுக்கு ஆசை வந்துரும். எனக்கே போன வாரம் ஒரு வெளக்குமாத்து மேல ஆச வந்துருச்சு" என்றார். சங்கரி அதைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.

சங்கிலிப்பாண்டி நாலு பலகை அடித்துக் கொடுத்தான். குக்கர், எவர்சில்வர் டம்ளர், ஊறுகாய் பாட்டில் எல்லாம் உள்ளே ஏறின. அன்று மாலையே வாசலில் கூட்டம். எதிர்வீட்டு சுல்ஃபத் பிடி உடைந்த வாணலியைப் பார்த்துக் கண் கலங்கினாள். சங்கரி எதிர்பார்க்காதது ஒன்றுதான். அவளும் கண்ணாடிக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தாள். மகாவின் தொட்டிலைப் பார்த்துக்கூட அவளுக்கு இப்படி எரிந்ததில்லை. "எவ வீட்டுக் குக்கரோ, குடுத்து வச்சவ" என்று முணுமுணுத்தாள். "அது நம்ம குக்கருதான்டி" என்று புருஷன் சொன்னது காதில் ஏறவில்லை. அந்தக் குக்கரின் சொந்தக்காரி மேல் ஆத்திரப்பட்டு மூன்று நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

நான்காம் நாள் சுபாஷிணி வந்தாள். கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "எனக்கு அந்த டம்ளர் வேணும்மா" என்றாள். சங்கரி மகிழ்ந்துபோய் எடுத்துக் கொடுத்தாள். பிள்ளை அதை வாங்கிக்கொண்டு சித்தி வீட்டுக்கு ஓடி, அதில் சாயா குடித்தது.

அன்று சங்கரி அழுதாள். அழுது முடித்ததும் பாத்திரங்களை எல்லாம் எடுத்துத் தரையில் வைத்தாள். பலகைகளைக் கழற்றினாள். மறுநாள் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குச் சற்று முன்பு முகத்தைக் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு, அலமாரிக்குள் ஏறி, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

சுபாஷிணி சித்தி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றப்போனவள், திரும்பிப் பார்த்து அப்படியே நின்றாள். மெல்ல வந்து கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்தாள். "எனக்கு இந்த அம்மா வேணும்" என்றாள், கடையில் கேட்பதுபோல. சங்கரி கதவைத் தள்ளித் திறந்தாள். பிள்ளை ஏறி மடியில் உட்கார்ந்து, பின்னலை அவிழ்த்து வாரிவிடச் சொன்னது.

மகா சீப்போடு தேடிக்கொண்டு வந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இருவரையும் பார்த்தாள். அவள் முகம் போன போக்கு சங்கரிக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. வருடக்கணக்கில் அவளுடைய சொந்த முகம் அதுதான். "அக்கா, கொஞ்சம் தள்ளி உக்காந்தீகன்னா நானும்…" என்றாள். அலமாரியில் இன்னும் ஓர் ஆளுக்குத் தாராளமாக இடம் இருந்தது. "சீப்ப மட்டும் குடு மகா" என்றாள் சங்கரி. "இதுல இடம் இல்ல." சீப்பை வாங்கிக்கொண்டு கதவை இழுத்து மூடினாள்.

அந்த வாரம் தொட்டிலில் உருளைக்கிழங்கு அழுகியது. மகா இப்போது தினமும் நாலு மணிக்கு வந்து கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகிறாள். தெருவில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சுபாஷிணியின் வீட்டுப்பாடம், சாப்பாடு, தூக்கம் எல்லாம் அலமாரிக்குள்தான். பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு சங்கரி இறங்கிக் குளித்து, துணி துவைத்து, மூன்றரைக்கு மறுபடி ஏறிவிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இறங்குவதே இல்லை. பிள்ளை விழித்திருக்கும்போது வெளியே வந்தால் என்ன ஆகும் என்று அவள் இதுவரை சோதித்துப் பார்க்கவில்லை. இரவுச் சமையல் சங்கிலிப்பாண்டி செய்கிறான். வைக்க இடமில்லாமல் பாத்திரமெல்லாம் தரையில் கிடப்பதால், பார்த்துத்தான் கால் வைக்கிறான்.